சர்க்கரை கட்டுக்குள், டிரைகிளிசரைடு 290: பாத எரிச்சலுக்கு ரத்தக் கொழுப்பு காரணமாகுமா?

பாதசாரி (கேள்வி)

நீரிழிவில் வரும் நரம்பு பாதிப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் சர்க்கரை அளவோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7-க்குக் கீழே இருந்தால் நரம்பு தப்பித்தது என்றே பலரும் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் அடங்காத ரிப்போர்ட்டுகள் ஏராளம். பேச வசதியாக இப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

வயது 54. இரண்டாம் வகை நீரிழிவு, 8 ஆண்டுகளாக. மெட்ஃபார்மின் நாளுக்கு 2000 மி.கி., ரோசுவாஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை) 10 மி.கி. ஹெச்பிஏ1சி 6.8. வெறும் வயிற்றில் எடுத்த கொழுப்புப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 174, டிரைகிளிசரைடு 290, ஹெச்டிஎல் ('நல்ல' கொலஸ்ட்ரால்) 34, விஎல்டிஎல் (டிரைகிளிசரைடைச் சுமக்கும் துகள்) 58, எல்டிஎல் ('கெட்ட' கொலஸ்ட்ரால்) 82 (எல்லாம் மி.கி./டெ.லி.). இரண்டு பாதங்களிலும் இரவில் எரிச்சல், விரல் நுனிகளில் மதமதப்பு. நரம்புக் கடத்தல் சோதனை நார்மல் என்று வந்திருக்கிறது.

டிரைகிளிசரைடு உண்மையிலேயே நரம்பைக் கெடுக்கிறதா, இல்லை பருமனோடும் இன்சுலின் எதிர்ப்போடும் சும்மா கூட வருகிற எண்ணா? எல்டிஎல் 82 என்பதால் கொழுப்பு விஷயம் முடிந்தது என்று விட்டுவிடலாமா? டிரைகிளிசரைடை இறக்கினால் எரிச்சல் குறையுமா? இயங்குமுறை தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

---

மயலின்

தொடர்பு இருக்கிறது. எந்த அளவுக்கு நிரூபணமானது என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சர்க்கரை. முதல் வகை நீரிழிவில் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் நரம்பு பாதிப்பு நன்றாகவே குறைகிறது. 1993-இல் வெளியான டிசிசிடி ஆய்வில் 60 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகையில் அதே உத்தி அந்தப் பலனைத் தரவில்லை. 2012-இல் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டாம் வகையில் கிடைத்த பலன் சிறியதாகவும் புள்ளியியல்படி உறுதி சொல்ல முடியாததாகவும் இருந்தது. சர்க்கரை தவிர வேறு எதுவோ நரம்பைத் தின்கிறது என்ற சந்தேகம் இங்கேதான் வலுக்கிறது.

அடுத்து கொழுப்பு. யூரோடயப் ஆய்வில் (2005) நரம்பு பாதிப்பே இல்லாத, முதல் வகை நீரிழிவு உள்ள 1172 பேரைச் சராசரியாக 7.3 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 23.5 சதவீதம் பேருக்குப் பாதிப்பு வந்தது. ஹெச்பிஏ1சியையும் நோய்க் காலத்தையும் கணக்கில் கழித்த பிறகும் டிரைகிளிசரைடு, எல்டிஎல், உடல் எடை, புகை, ரத்த அழுத்தம் ஆகியவை தனித்தனியே தொடர்பு காட்டின. 2009-இல் மிச்சிகன் குழு வெளியிட்டது இன்னும் நேரடியானது. ஏற்கெனவே லேசான முதல் நடுத்தரமான பாதிப்பு உள்ள 427 பேரின் கெண்டைக்கால் நரம்பிலிருந்து 52 வார இடைவெளியில் இரண்டு முறை துணுக்கு எடுத்து, மயலின் என்ற காப்பு உறை உள்ள இழைகளை எண்ணினார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 500 இழைகளுக்கு மேல் இழந்தவர்களிடம் ஆரம்பத்திலேயே டிரைகிளிசரைடு அதிகம். வயதோ, நோய்க் காலமோ, சர்க்கரைக் கட்டுப்பாடோ அந்த வேறுபாட்டை விளக்கவில்லை. அறிகுறிகளை விசாரித்து எடுத்த முடிவு அல்ல, நுண்ணோக்கியில் எண்ணியது. அதனால்தான் இந்த ஆய்வுக்கு மதிப்பு அதிகம்.

இயங்குமுறைக்கு வருவோம். டிரைகிளிசரைடு மூலக்கூறு நேராக நரம்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வதில்லை. ரத்தத்தில் விஎல்டிஎல் துகள்களாகச் சுற்றும்போது லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி அதை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகிறது. கேடு செய்வது அந்த அமிலங்கள், அதிலும் பால்மிட்டிக் அமிலம் போன்ற நிறைவுற்றவை. கால் பெருவிரலின் உணர்வு நரம்புக்கு உடலணு முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள்கிறது. கடைசி முனைவரை ஆற்றல் வேண்டுமானால் மைட்டோகாண்ட்ரியா அந்த நீளம் முழுக்கப் பயணப்பட வேண்டும். ஆய்வகத்தில் வளர்த்த உணர்வு நரம்பணுக்களில் பால்மிட்டிக் அமிலத்தைச் சேர்த்தால் மைட்டோகாண்ட்ரியாவின் நகர்வு குறைகிறது, சவ்வின் மின்னழுத்தம் சரிகிறது. நிறைவுறாத வகையான ஒலியிக் அமிலத்தைச் சேர்த்தால் அப்படி நடப்பதில்லை. அணு அதைக் கொழுப்புத் துளிகளாகச் சேமித்துவைத்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பால்மிட்டிக்கின் கேடும் தணிகிறது. விரல் நுனியில் முதலில் மரத்து, பிறகு மேலே ஏறுகிற அந்தக் காலுறை வடிவம் ஏன் என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம். மிக நீளமான இழைதான் முதலில் பட்டினி கிடக்கும்.

இழையைச் சுற்றியிருக்கும் ஷ்வான் அணுக்களிலும் சிக்கல். வந்து குவிகிற கொழுப்பு அமிலத்தை முழுவதும் எரிக்க முடியாமல், பாதியில் நின்ற அசைல்கார்னிட்டீன்கள் தேங்குகின்றன. இவை ஷ்வான் அணுவிலிருந்து கசிந்து பக்கத்து இழையையும் சிதைக்கக்கூடியவை என்று எலி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல், லாக்ஸ்-1 என்ற ஏற்பி வழியாக நரம்பணுவுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுகிறது. நரம்புக்கே ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் தடித்துக் குறுகுகின்றன.

எனக்கு மிகவும் சுவையாகப் படுவது இன்னொன்று. ஸ்பிங்கோலிப்பிடு என்ற சவ்வுக் கொழுப்பைத் தயாரிக்கும் நொதி வழக்கமாகச் செரின் என்ற அமினோ அமிலத்தையும் பால்மிட்டிக் அமிலத்தையும் இணைக்கும். செரினுக்குத் தட்டுப்பாடு வந்தால் அதற்குப் பதில் அலனினை எடுத்துக்கொள்கிறது. விளைவு, உடலால் எளிதில் அப்புறப்படுத்த முடியாத டீஆக்சி ஸ்பிங்கோலிப்பிடு. இந்தப் பொருள் நரம்புக்கு நஞ்சு என்பது ஒரு பரம்பரை நரம்பு நோயிலிருந்து தெரியவந்தது. இரண்டாம் வகை நீரிழிவிலும், டிரைகிளிசரைடு ஏறிய நிலையிலும் அதே பொருள் ரத்தத்தில் கூடுகிறது. 2023-இல் நீரிழிவு எலிகளுக்குச் செரின் கொடுத்தபோது நரம்பு பாதிப்பு தாமதமானது. மனிதருக்குச் செரின் மாத்திரை என்று யாராவது விற்க வந்தால் வாங்க அவசரப்பட வேண்டாம், அது இன்னும் எலியில்தான் நிற்கிறது.

எதிர்த்திசைச் சான்றையும் சொல்லியாக வேண்டும். ஹைடல்பெர்க் குழு 2019-இல் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 100 பேரின் கால் நரம்பை உயர்திறன் எம்ஆர்ஐயில் பார்த்தது. மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்டிஎல்லும் குறைந்தவர்களிடம்தான் நரம்புச் சிதைவு கூடுதலாகத் தெரிந்தது. ஒரே நேரத்தில் எடுத்த படம் என்பதால் எது காரணம், எது விளைவு என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் 'கொழுப்பு' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசக் கூடாது என்பதை அது காட்டுகிறது. டிரைகிளிசரைடுக்குச் சான்று வலுவாக இருக்கிறது, எல்டிஎல்லுக்கு முன்பின் முரணாக இருக்கிறது.

---

சீரம்

மேலே வந்திருக்கும் ரிப்போர்ட்டை ஆய்வகக் கண்ணோடு பார்க்கலாம். 58 + 34 + 82 = 174. இவ்வளவு சுத்தமாகக் கூட்டல் பொருந்தினால் எல்டிஎல்லை யாரும் நேரடியாக அளக்கவில்லை என்று அர்த்தம். டிரைகிளிசரைடை 5-ஆல் வகுத்து விஎல்டிஎல் என்று எழுதி, மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லையும் அதையும் கழித்து எல்டிஎல் என்று போட்டிருக்கிறார்கள். ஃப்ரீட்வால்டு கணக்கு என்பது இதுதான். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. 200-க்கு மேலேயே ஆட்டம் காண ஆரம்பித்துவிடும், எல்டிஎல் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஆகவே 82 என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

இந்த நிலையில் பார்க்க வேண்டிய எண் ஹெச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால். மொத்தம் 174-இலிருந்து ஹெச்டிஎல் 34-ஐக் கழித்தால் 140. நீரிழிவு உள்ளவருக்கு எல்டிஎல் இலக்கு 70 என்றால் இதற்கான இலக்கு அதைவிட 30 கூடுதல், அதாவது 100-க்குக் கீழ். 140 எங்கே, 100 எங்கே. 'எல்டிஎல் சரியாக இருக்கிறது, கொழுப்பு விஷயம் முடிந்தது' என்று விட்டுவிட முடியாததற்கு இது ஒன்றே போதும். அப்போ-பி பரிசோதனை கிடைத்தால் இன்னும் தெளிவு, ஏனென்றால் தமனியைக் கெடுக்கும் ஒவ்வொரு துகளிலும் அந்தப் புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதை அளந்தால் துகள்களை எண்ணியது போல.

டிரைகிளிசரைடு நாளுக்கு நாள் ஆடும் எண். ஒரே ஆளுக்கு, எந்த மாற்றமும் இல்லாமலே, 20 சதவீதம் அளவுக்கு மேலும் கீழும் போகும். 290 அடுத்த வாரம் 240 ஆனாலும் 340 ஆனாலும் அதை மருந்தின் வேலை என்றோ உணவின் குற்றம் என்றோ சொல்லிவிடாதீர்கள். சில வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பாருங்கள். 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். முந்தைய 2, 3 நாட்கள் மது கூடாது. காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, கடுமையான தொற்று வந்திருந்தால் ஒரு மாதமாவது தள்ளிப்போடுங்கள், அந்தச் சமயத்தில் டிரைகிளிசரைடு ஏறும், எல்டிஎல் இறங்கும். எடை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் ரிப்போர்ட்டும் வழக்கமான நிலையைக் காட்டாது.

சர்க்கரை தறிகெட்டு ஓடும்போது எடுத்த டிரைகிளிசரைடையும் தனியாகப் படிக்கக் கூடாது. இன்சுலின் போதாவிட்டால் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் மந்தமாகும். உடல் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலம் கட்டுப்பாடின்றி வெளியேறிக் கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் அதை விஎல்டிஎல்லாக்கித் திருப்பி அனுப்பும். சர்க்கரையைச் சரிசெய்த 6 முதல் 8 வாரங்களில் 500 இருந்தது 200-க்கு வருவது அதிசயமே அல்ல. ஆனால் இங்கே ஹெச்பிஏ1சி 6.8. அந்தச் சமாதானம் இந்த ரிப்போர்ட்டுக்குப் பொருந்தாது. வேறு காரணம் தேடத்தான் வேண்டும்.

---

இசைக்கவை128

'நரம்புக் கடத்தல் சோதனை நார்மல்' என்ற வரியை முதலில் கவனிப்போம். அந்தச் சோதனை அளப்பது மயலின் உறை கொண்ட பெரிய இழைகளை மட்டும். எரிச்சல், சூடு, குளிர், ஊசிக்குத்து ஆகியவற்றைக் கடத்துவது சிறிய இழைகள். இரண்டாம் வகையில், அதிலும் இன்சுலின் எதிர்ப்பும் டிரைகிளிசரைடும் தூக்கலாக உள்ளவர்களிடம், பல நேரங்களில் முதலில் அடிபடுவது சிறிய இழைதான். சோதனை நார்மலாக வரும், நோயாளி இரவெல்லாம் தூங்காமல் புரளுவார், 'உங்களுக்கு ஒன்றுமில்லை, மனசுதான்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். உறுதிசெய்ய வேண்டுமானால் வெளிக் கணுக்காலுக்கு 10 செ.மீ. மேலே 3 மி.மீ. அளவில் தோல் துணுக்கு எடுத்து, மேல்தோலுக்குள் ஏறும் நரம்பிழைகளை எண்ண வேண்டும். கண்ணின் கருவிழி நரம்புகளைக் கன்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்ப்பது ஊசியில்லாத இன்னொரு வழி. நடைமுறையில் பெரும்பாலும் இரண்டும் தேவைப்படாது. குண்டூசி முனை, சூடு-குளிர், அதிர்வுணர்வைச் சோதிக்கும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை, கணுக்கால் அனிச்சை, 10 கிராம் மோனோஃபிலமென்ட் (10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை) இவற்றை ஒழுங்காகச் செய்தாலே போதும்.

'ஒழுங்காக' என்று அழுத்தம் கொடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. மோனோஃபிலமென்டைத் தோலுக்குச் செங்குத்தாக வைத்து, அது வளையும் அளவு அழுத்தி, ஒன்றிரண்டு நொடிகளில் எடுக்க வேண்டும். ஆணி, தடிப்பு, புண் உள்ள இடத்தில் வைக்கக் கூடாது. பெருவிரல் அடிப்புறம், அதன் பின்னால் 1, 3, 5-ஆம் விரல் எலும்புகளின் தலைப்பகுதி எனப் பாதத்துக்கு 4 இடம். ஆள் கண்ணை மூடியிருக்க வேண்டும், 'இப்போது படுகிறதா?' என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத் துப்புக் கொடுக்கக் கூடாது. ஒரே இழையை வரிசையாகப் பத்துப் பேருக்கு மேல் பயன்படுத்தினால் அது தளர்ந்துபோய் 10 கிராமுக்குக் குறைவான அழுத்தத்தையே தரும். ஒரு நாள் ஓய்வு கொடுத்து எடுக்க வேண்டும். இன்னொன்று, 10 கிராம் இழை கண்டுபிடிப்பது காப்புணர்வு, அதாவது பாதத்தைக் காயத்திலிருந்து காக்கும் உணர்வு, போய்விட்டதா என்பதை. ஆரம்பக் கட்ட பாதிப்பை அது பிடிக்காது. இழை படுவது தெரிகிறது என்பதால் நரம்பு நலமாக இருக்கிறது என்று எழுதாதீர்கள்.

இப்போது 'வேறு காரணம்' என்று சீரம் சொன்னதற்கு வருகிறேன். சில கோளாறுகள் டிரைகிளிசரைடையும் ஏற்றும், நரம்பையும் கெடுக்கும். அப்போது இரண்டுக்கும் இடையே தொடர்பு இருப்பது போலத் தெரியும், மூலம் மூன்றாவதாக ஒன்றில் ஒளிந்திருக்கும். தைராய்டு குறைபாடு அதில் முதலாவது: கொழுப்பு ஏறும், கால் மரத்துப்போகும், டிஎஸ்ஹெச் பார்த்தால் வெளிச்சத்துக்கு வந்துவிடும். மது அடுத்தது, கல்லீரல் நொதியான ஜிஜிடியும் சிவப்பணுக்களின் சராசரி அளவான எம்சிவியும் சேர்ந்து ஏறியிருந்தால் நாசூக்காக, ஆனால் நேராகவே கேளுங்கள். சிறுநீரகச் செயலிழப்பு மூன்றாவது. கிரியாட்டினினோடு சிறுநீரில் அல்புமினையும் பார்க்க வேண்டும்.

பி12 குறைபாடு கொழுப்பை ஏற்றாது. ஆனால் 8 ஆண்டு நீரிழிவு, பி12-ஐக் குறைக்கக்கூடிய மெட்ஃபார்மின் நாளுக்கு 2000 மி.கி. என்று இருக்கும்போது அதைப் பார்க்காமல் பழியை டிரைகிளிசரைடின் மேல் போடுவது தவறு. 200 பி.கி./மி.லி.க்குக் கீழே என்றால் குறைபாடு நிச்சயம். 200 முதல் 300 வரை சந்தேக எல்லை, அங்கே, பி12 குறைந்தால் ஏறும் மெதில்மலோனிக் அமிலத்தைப் பார்க்க வேண்டும். ரத்தசோகை இல்லை, சிவப்பணு பெருக்கவில்லை என்பதை வைத்து பி12 குறைபாடு இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

ஒரு கண்ணி இருக்கிறது. கால் எரிச்சல் என்றதும் பலர் 'நரம்பு மாத்திரை' வாங்கிப் போட ஆரம்பித்திருப்பார்கள். அதில் பி12 இருந்தால் ரத்த அளவு உயர்ந்துவிடும், குறைபாடு இருந்ததா என்று பிறகு தெரியாது. பயோட்டின் இருந்தால் சில ஆய்வகக் கருவிகளில் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும் பி12 பொய்யாகக் கூடியும் காட்டும். குறைந்தது 2, 3 நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். பி6 அளவையும் அட்டையில் படியுங்கள். நாளுக்கு 100 மி.கி.யும் அதற்கு மேலும் மாதக்கணக்கில் போனால் பி6-ஏ உணர்வு நரம்பைக் கெடுக்கும், நோய்க்கும் மருந்துக்கும் அறிகுறி ஒன்றாகவே இருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் தொந்தரவு, கால்களுக்கு முன்பே கைகளில் ஆரம்பம், சில வாரங்களில் வேகமாக ஏறுவது, தசை வலுவிழப்பு முந்திக்கொண்டு வருவது: இவற்றில் எது இருந்தாலும் நீரிழிவு, கொழுப்பு இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

---

பாதசாரி

நன்றி, எல்டிஎல் கணக்கு கண்ணைத் திறந்தது. தொடர்ந்து இரண்டு கேள்விகள். டிரைகிளிசரைடு 290-க்கு, அதைக் குறைக்கும் ஃபைப்ரேட் வகை மருந்தான ஃபெனோஃபைப்ரேட் கொடுத்தால் நரம்புக்குப் பலன் உண்டா? ஸ்டாட்டினே நரம்பைக் கெடுக்கும் என்றும் சொல்கிறார்களே, அப்படியானால் இந்த எரிச்சலுக்கு ரோசுவாஸ்டாட்டின் காரணமாக இருக்குமா?

---

மருந்துப்பெட்டி

ஸ்டாட்டினை முதலில் பார்ப்போம். 2002-இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஓர் ஆய்வு, ஸ்டாட்டின் எடுப்பவர்களிடம் காரணம் தெரியாத நரம்பு பாதிப்பு அதிகம் என்று சொன்னது. அந்த அச்சம் இன்னும் ஓயவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் ஒருமித்து அதை உறுதிசெய்யவில்லை. ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில் நீரிழிவு ஆய்வில், ஸ்டாட்டின் எடுத்தவர்களிடமும் ஃபைப்ரேட் எடுத்தவர்களிடமும் புதிதாக நரம்பு பாதிப்பு வருவது குறைவாகவே இருந்தது. அதுவும் கவனித்துப் பதிந்த ஆய்வுதான், குலுக்கல் முறையில் பிரித்துச் செய்ததல்ல. ஆனால் நீரிழிவு உள்ள 54 வயதுக்காரருக்கு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதில் ஸ்டாட்டினின் பலன் சந்தேகத்துக்கு இடமில்லாதது. எரிச்சலுக்காக அதை நிறுத்துவது நஷ்ட வியாபாரம்.

வலி எங்கே என்று பார்த்தாலே பெரும்பாலும் பிரித்துவிடலாம். ஸ்டாட்டின் தொந்தரவு தசையில் வரும்: தொடை, இடுப்பு, தோள், கெண்டைக்கால், இரு பக்கமும், கனமாகக் கடுப்பது போல. மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் ஆரம்பிக்கும், நிறுத்தினால் சில வாரங்களில் போகும். எரிச்சல், ஊசிக்குத்தல், மதமதப்பு எல்லாம் விரல் நுனியிலிருந்து ஏறினால் அது நரம்பு. சந்தேகம் இருந்தால் தசைச் சிதைவைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனை எடுங்கள்.

ஃபெனோஃபைப்ரேட். ஃபீல்டு ஆய்வு: இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 9795 பேர், நாளுக்கு 200 மி.கி., ஏறத்தாழ 5 ஆண்டுகள். 2009-இல் வெளியான உட்பகுப்பாய்வில், நீரிழிவு தொடர்பாகக் காலையோ விரலையோ முதன்முதலாக வெட்டி எடுக்க நேர்வது 36 சதவீதம் குறைந்தது. பெரிய ரத்தக்குழாய் அடைப்பு இல்லாதவர்களிடம் நடந்த சிறு வெட்டுகள் ஏறக்குறைய பாதியாயின. முதல் வெட்டை எண்ணிக்கையில் சொன்னால் மருந்துக் குழுவில் 45 பேர், மற்றதில் 70 பேர். சதவீதம் பெரிதாகத் தெரிந்தாலும் எண்ணிக்கை சிறியது என்பதை மறக்க வேண்டாம். டிரைகிளிசரைடு குறைந்ததால் வந்த பலனா, நுண்குழாய்களில் மருந்து நேராகச் செய்த வேலையா என்பதும் பிரியவில்லை. மறுபக்கம், பெமாஃபைப்ரேட்டை வைத்து 10,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த புராமினென்ட் ஆய்வில் (2022) டிரைகிளிசரைடு 26 சதவீதம் இறங்கியும் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. எண்ணை இறக்குவதும் நோயைத் தடுப்பதும் ஒன்றல்ல.

ஆகவே 290-க்கு, நரம்பைக் காக்கிறேன் என்று சொல்லி ஃபெனோஃபைப்ரேட் எழுதுவதற்குச் சான்று போதாது. 500-ஐத் தாண்டினால் கதை வேறு. கணைய அழற்சியைத் தடுக்க அங்கே மருந்து தேவைப்படும். 1000-க்கு மேல் அது அவசரம். வேறு காரணத்துக்காக எழுதினாலும் சில எச்சரிக்கைகள்: சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே கூடாது, 30 முதல் 59 வரை அளவைக் குறைக்க வேண்டும். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் இறங்கிவிடும். முன்கூட்டியே ஓர் அளவு எடுத்து வைக்காவிட்டால் சிறுநீரகம் கெட்டுவிட்டதாக அனைவரும் பதறுவார்கள். பித்தப்பைக் கல் இருந்தால் தவிர்க்கவும். ஸ்டாட்டினோடு சேர்ப்பதாக இருந்தால் ஃபெனோஃபைப்ரேட் மட்டும். ஜெம்ஃபைப்ரோசிலைச் சேர்த்தால் ஸ்டாட்டின் அளவு ரத்தத்தில் எகிறித் தசை சிதையும். சர்க்கரை மாத்திரையான ரெபாகிளினைடு எடுப்பவருக்கு ஜெம்ஃபைப்ரோசில் கொடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

மற்ற மருந்துச் சீட்டுகளையும் புரட்டுங்கள். ஸ்டீராய்டு, தயசைடு வகை நீர்மாத்திரை, பழைய வகை பீட்டா பிளாக்கர், வாய்வழி ஈஸ்ட்ரோஜன், மனநல மருந்தான ஓலன்சபைன், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் எல்லாமே டிரைகிளிசரைடை ஏற்றும்.

இன்னொரு சங்கதி. ஹெச்பிஏ1சி இப்போது 6.8, சரி. 3 மாதத்துக்கு முன்னால் எவ்வளவு? 10-லிருந்து 6.8-க்கு மூன்றே மாதத்தில் இறங்கியிருந்தால், அந்த வேகமே கடுமையான நரம்பு எரிச்சலைக் கொண்டுவரும். 3 மாதத்தில் 2 புள்ளிக்கு மேல் இறங்கினால் இந்த ஆபத்து தொடங்குகிறது, இறக்கம் கூடக் கூட ஆபத்தும் கூடும். இன்சுலினால்தான் என்றில்லை, மாத்திரையால் இறங்கினாலும் வரும். டிரைகிளிசரைடைப் பிடித்துத் தொங்குவதற்கு முன்னால் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

---

மயலின்

கடைசிக் கேள்விக்கு யாரும் முழுதாகப் பதில் சொல்லவில்லை: இறக்கினால் எரிச்சல் குறையுமா? மருந்தால் எண்ணை மட்டும் இறக்கினால் எரிச்சல் குறையும் என்று நம்பிக்கை கொடுக்க முடியாது. டிரைகிளிசரைடை ஏற்றிவைத்திருக்கும் வளர்சிதை மாற்றச் சுமையையே இறக்கினால் நரம்பிழைகள் ஓரளவு மீண்டும் முளைக்கின்றன என்பதற்குச் சான்று இருக்கிறது. நீரிழிவுக்கு முந்தைய கட்டத்தில் நரம்பு பாதிப்பு வந்தவர்களுக்கு ஓராண்டு உணவு, உடற்பயிற்சித் திட்டம் கொடுத்த ஆய்வில் (2006) தோல் துணுக்கில் நரம்பிழை எண்ணிக்கை கூடியது. எடைக்குறைப்பு அறுவைக்குப் பிந்தைய ஈராண்டில், தொடைப்பகுதித் தோலில் இழைகள் பெருகின. கணுக்காலுக்கு அருகில் நிலை மோசமாகாமல் நின்றது. மேலே முதலில் முளைக்கிறது, கீழே தாமதமாகிறது. முழுவதும் மரத்துப்போன பாதத்துக்கு இது பொருந்தாது, எரிகிற கட்டத்திலேயே பிடிக்க வேண்டும்.

நடைமுறையில் என்ன செய்வது? எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் டிரைகிளிசரைடு சுமார் 20 சதவீதம் இறங்கும். இடுப்புச் சுற்றளவை எடையோடு சேர்த்து அளந்து குறித்துவையுங்கள், நரம்பு பாதிப்போடு அதற்கு நெருங்கிய தொடர்பு. உணவில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டிரைகிளிசரைடு என்றதும் எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டு, பசிக்கு மாவுச்சத்தையும் இனிப்பையும் கூட்டிக்கொள்கிறார்கள். மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றும்போது முதலில் உருவாவதே பால்மிட்டிக் அமிலம். எண்ணெயைத் தொடாமலேயே நரம்புக்கு ஆகாத அந்த அமிலத்தை உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும். அதிலும் பழச்சாறு, குளிர்பானம் போன்ற ஃபிரக்டோஸ் நிறைந்தவை மோசம். மொத்த கலோரியையும் சர்க்கரையையும் குறைத்து, நிறைவுற்ற கொழுப்புள்ள எண்ணெய்க்குப் பதில் ஒலியிக் அமிலம் மிகுந்த எண்ணெயை அளவோடு எடுப்பதே இயங்குமுறைக்கும் ஒத்துவருகிறது. எலிகளில் அப்படி எண்ணெயை மாற்றியதும் நரம்பு தேறியிருக்கிறது. டிரைகிளிசரைடு 1000-க்கு மேல் போனவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு, அங்கே எல்லாக் கொழுப்பையும் கடுமையாகக் குறைக்க வேண்டும்.

உடற்பயிற்சி வாரத்துக்கு 150 நிமிடம், இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல். எடை குறையாவிட்டாலும் தசை கொழுப்பு அமிலத்தை எரிப்பதால் டிரைகிளிசரைடு இறங்கும்.

---

இசைக்கவை128

நடையைப் பற்றி ஒரு சேர்க்கை. உணர்வு குறைந்த பாதத்துக்கு நடை கூடாது என்ற பழைய தடை இப்போது இல்லை, மிதமான நடையால் புண் வரும் ஆபத்து கூடுவதில்லை. ஆனால் திறந்த புண் இருந்தால் ஆறும்வரை சைக்கிள், கை உடற்பயிற்சி என்று பாதத்தில் எடை விழாதபடி மாற்றிக்கொள்ள வேண்டும். நடைக்கு முன்னும் பின்னும் பாதத்தை, விரலிடுக்கு உட்பட, பாருங்கள். செருப்புக்குள் கை விட்டுத் தடவிவிட்டுப் போடுங்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதியுங்கள்.

எரிச்சலுக்கான மருந்தை, கொழுப்பு இறங்கட்டும் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. டுலோக்செட்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் இவற்றில் ஒன்றை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். பிரிகாபலினும் அமிட்ரிப்டிலினும் சிலருக்கு எடையைக் கூட்டும், இந்த ஆளுக்கு அது வேண்டாத விளைவு என்பதை அந்த நேரத்தில் நினைவுபடுத்துங்கள்.

---

சீரம்

மறுபரிசோதனைக்கான வரிசை கேட்டு உள்பெட்டியில் இருவர் எழுதியதால் இங்கேயே போடுகிறேன். முதல் முறை: வெறும் வயிற்றுக் கொழுப்புப் பட்டியல், டிஎஸ்ஹெச், பி12, கிரியாட்டினினும் இஜிஎஃப்ஆரும், சிறுநீர் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம், கல்லீரல் நொதிகளோடு ஜிஜிடி, முழு ரத்த எண்ணிக்கை, ஹெச்பிஏ1சி. 50 வயதைத் தாண்டியவர் என்பதால் நரம்பைக் கெடுக்கும் அசாதாரணப் புரதம் இருக்கிறதா என்று காட்டும் சீரம் புரத எலக்ட்ரோஃபோரிசிஸும் ஒரு முறை பார்த்துவிடலாம். ஸ்டாட்டின் அளவையோ உணவையோ மாற்றினால் 4 முதல் 12 வாரத்தில் கொழுப்பை மட்டும் மறுபடி எடுங்கள், அதே ஆய்வகத்தில், அதே நேரத்தில். நரம்பை அந்த வேகத்தில் அளக்காதீர்கள். மோனோஃபிலமென்ட், இசைக்கவை, ஊசி முனைச் சோதனை ஆண்டுக்கு ஒரு முறை, காப்புணர்வு போயிருந்தால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை. டிரைகிளிசரைடு ஆறு வாரத்தில் மாறும், நரம்பிழை எண்ணிக்கை மாற ஓராண்டாவது ஆகும்.